அக்காவின் குரலுக்கு வந்த எச்சரிக்கை

காலமான என் அக்கா நாற்பது வருடங்களுக்கு முன் நடித்த ஒன்பது வானொலி நாடகங்களை இணையத்தில் ஏற்றியிருந்தேன். இனிப் பயமில்லை என்று, பூஞ்சை பிடித்த கசெட்டுகளை எறிந்துவிட்டேன். வேறு பிரதியும் வைக்கவில்லை.

சென்ற மாதம் நான் வசிக்கும் மல்வேர்னிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நாடகங்களின் நடுவே ஒலித்த சினிமாப் பாட்டுகளுக்கு ஒரு நிறுவனம் உரிமை கோரியதால் என் பக்கம் முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. முறையிட்டேன், பதில் இல்லை. வேலையில் மனம் நிற்கவில்லை. நிமிடத்துக்கொரு தடவை போனைப் பார்த்தேன். அக்காவின் குரலை நானே குப்பையில் போட்டுவிட்டேனே!

நான்காம் நாள், அந்த நாடகங்களை விரும்பிக் கேட்கும் பக்கத்து நகரமான ஒஷாவாவில் இருக்கும் அன்ரி ஒருவரிடம் போனில் அழுதேன்.

“அழாதை பிள்ளை. கார் ஓடேக்கை கேக்கிறதுக்கு நான் இறக்கி வச்சிருக்கிறன்.”

“ஒன்பதும் இருக்கோ அன்ரி?”

“இல்லை, ஏழுதான் கிடக்கு.”

பாட்டுக்கு உரிமை கேட்டது அவர்கள் நியாயம். பிரதி வைக்காதது என் பிழை. இப்போது அன்ரி அனுப்பிய அந்த ஏழு நாடகங்களையும் இரண்டு இடங்களில் சேமித்திருக்கிறேன். பாட்டுகளை வெட்டிய பிறகே இணையத்தில் ஏற்றுகிறேன். மற்ற இரண்டும் உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?