தாய் வீட்டுக்கு டிக்கெட்

வளைகாப்பு வைக்கலாம் என்று முதலில் வாயெடுத்தவன் இம்மானுவேல்தான். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அவனையே கேட்க வேண்டும். வேறு யார் தலையிலும் போட முடியாது.

எட்டு வருடம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் அவன். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியராக இருந்த பிலிப்பைன்ஸ்காரி மரிசெல்லைக் கல்யாணம் செய்துகொண்டான். இந்த மாதிரி வேலையெல்லாம் இனி உள்நாட்டுக்காரர்களுக்கே என்று சொல்லி ஒருநாள் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் இவன் கம்பெனியும் ஆள் குறைத்தது. "எங்க ஊருக்குப் போயிடலாம்" என்றான். அவளைக் கேட்டானா என்றால், கேட்டதாகத்தான் அவன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். டிக்கெட்டைப் போட்டுவிட்டுக் கேட்பதும் கேட்பதுதானே.

மரிசெல் திருவள்ளூர் மணவாள நகருக்கு வந்து சேர்ந்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் அவளை ஏதோ கம்பெனிக்கு வேலைக்கு வந்த வடகிழக்குப் பெண் என்று நினைத்து இந்தியில் பேசினார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மா பெயரைச் சுருக்கி 'மாரி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகும் மாமியார் கிரேஸுக்கு அது சுருக்கென்றது. ஆனால் தெருவே மாரி என்று கூப்பிடும்போது கிரேஸ் ஒருத்தி என்ன செய்வாள்? ஒரு மாதத்தில் அவளும் மாரி என்றாள்.

மரிசெல்லின் விசாவில் வேலை செய்யக் கூடாது என்று இருந்தது. நாள் முழுக்கப் பில் போட்ட கை சும்மா இருக்குமா? தெருமுனை மளிகைக் கடையில் கடைக்காரர் சுப்பராயன் சாப்பிடப் போயிருந்த நேரம், அவர் மனைவியிடம் சைகையில் கேட்டுக்கொண்டு, சோப்பு ஒரு பக்கம் பிஸ்கட் ஒரு பக்கம் என்று அலமாரியையே மாற்றி அடுக்கிவிட்டாள். சுப்பராயன் ஒரு வாரம் சீயக்காயைத் தேடினார்.

இம்மானுவேல் மட்டும் நிலைகொண்டானா என்ன? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. பெரியபாளையம் வழியாக வேனில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை காலையானால் மஸ்கட் லீவுக்குப் பழகிய உடம்பு எழுந்திருக்க மறுத்தது. எட்டு வருடம் ஊர் ஊர் என்று ஏங்கியவனுக்கு ஊரில் உட்கார முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நடப்பான். எங்கே போகிறாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

மரிசெல் உண்டான பிறகு ஒருநாள் டீக்கடையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. "இதெல்லாம் எத்தினி நாளிக்கி? கொழந்த பொறக்கட்டும், தூக்கிக்கினு போய்க்கினே இருக்கும் பாரு." சட்டைக்குள் எறும்பு புகுந்தது போல ஆகிவிட்டது அவனுக்கு. அந்த வாயை அடைக்கத்தான் வளைகாப்பு. தெருவைக் கூட்டி, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று காட்டிவிட வேண்டும்.

மரிசெல்லிடம் விளக்கினான். இருவரும் பேசிக்கொள்வது இங்கிலீஷில். அவளுக்கு எதையும் ஒழுங்குமுறையோடு தெரிந்துகொள்ள வேண்டும். எந்த மாதம், எத்தனை வளையல், யார் முதலில் போடுவது என்று வரிசையாகக் கேட்டாள். இவனும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் கொட்டினான். ஏழாம் மாதம்; ஏழு வகை சாதம்; வளையல் போட்டதும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்; தலைப்பிரசவம் அங்கேதான். அதே சூட்டோடு பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊரில் இருக்கும் அவள் அம்மாவுக்கும் வீடியோ காலில் சொன்னான். "எங்க ஊர்ல அம்மா வீட்டுக்கு அவ்வளவு மரியாதை!" அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இம்மானுவேலுக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கு நாள் கழித்து மரிசெல் போனை நீட்டினாள், திரையில் டிக்கெட். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மணிலா, அங்கிருந்து இலோய்லோ. வளைகாப்புக்கு மறுநாள் தேதி. கப்பலில் வேலை செய்யும் அண்ணன் போட்டுக் கொடுத்திருக்கிறான். விமானத்தில் போக டாக்டர் சீட்டும் வாங்கி வைத்துவிட்டாள்.

"அம்மா என் அறைக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க" என்றாள். இம்மானுவேல் சிரித்துவைத்தான். எழுந்து வெளியே போனான், உள்ளே வந்தான், மறுபடி வெளியே போனான்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் குதித்தான்.

"இன்னாமா இது? அவ நெஜமாவே கெளம்பறா!"

கிரேஸ் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதான்டா சொன்ன. நான் சொன்னனா? வாணாம், சபையில ஜெபம் பண்ணி உட்டுடலாம்னுதான் சொன்னேன். நீதான் வளையல் போட்டே ஆவணும்னு நின்ன."

"அது சும்மா சடங்குக்குமா. இவ்ளோ தூரம் போவாளா எவளாச்சும்?"

"தூரம் பாத்தா அம்மா ஊடு இருக்குது? அவளுக்கு அங்கதான இருக்குது."

இம்மானுவேல் வேறு ஒரு வழி தேடிப் பிடித்தான். கன்னியம்மாவிடம் போய் நின்றான். அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை. "மாரிக்கு நான் தாயா இருக்க மாட்டனா? எதிர்ல தானே, மூணு மாசம் என் ஊட்லயே வச்சிக்கினு பாத்துக்கறேன்" என்று அவள் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று மரிசெல்லிடம் ஓடினான்.

மரிசெல் பொறுமையாகக் கேட்டாள். "கன்னியம்மா அக்கா நல்லவங்க" என்றாள். "அம்மா இல்லாத பொண்ணுக்கு அது சரி. எனக்கு அம்மா இருக்காங்களே."

அதற்குப் பிறகு அவன் நேராக எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், திரும்பி வருவாயா என்று. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்டான். ஏன் குளிர்காலச் சட்டையை எடுத்து வைக்கிறாய்? கல்யாண ஆல்பம் எதற்கு? சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டுபோக வேண்டுமா? பெட்டியை அவள் கட்டக் கட்ட இவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேலையிலும் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் சில்லர் பம்ப்பைச் சரிபார்த்துவிட்டு வால்வைத் திறக்காமலே வந்துவிட்டான். அரை மணி நேரம் ஏசி இல்லாமல் தொழிற்கூடம் முழுக்க வெந்தது. சூப்பர்வைசர் அன்புசெல்வன், "ஒனக்கு இன்னாபா ஆச்சு? ஊட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டார். "ஒன்னும் இல்ல சார். வளைகாப்பு" என்றான். அவர் வாழ்த்துச் சொன்னார்.

ஞாயிறு மதியம் தெரு திரண்டு வந்தது. போதகர் ஜெபம் செய்தார். கிரேஸ் முதல் வளையலைப் போட்டாள், அடுத்து இம்மானுவேலின் தங்கை ஹெலன், அடுத்து கன்னியம்மா. முழங்கை வரை கண்ணாடி வளையலோடு மரிசெல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சை சாதத்தை மட்டும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவு அழகாக அவளை அவன் பார்த்ததே இல்லை. வளையல் போட்ட அன்று மாமியார் வீட்டில் தங்கக் கூடாது என்பதால் அவள் எதிர்வீட்டில் போய்ப் படுத்தாள். கன்னியம்மாவுக்கு அந்த ஒரு நாளாவது கிடைத்தது.

திங்கள் காலை விமான நிலையத்துக்கு இவனும் கிரேஸும் காரில் கூடப் போனார்கள். டிக்கெட் உள்ளவர்கள் மட்டுமே நுழையும் கதவு வந்தது. அவளுக்காகச் சக்கர நாற்காலியோடு ஒருவர் காத்து நின்றார். இனி கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது.

"திரும்பி வருவியா?"

மரிசெல் கைப்பையைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் அவள் குரல் தணிந்துபோகும்.

"இதைக் கேட்கத்தான் இத்தனை நாளா என் பெட்டியைச் சுத்தி வந்தியா?"

"சொல்லு."

"நானா எப்படி வர முடியும்? வரக் கூடாதே."

"யாரு சொன்னா?"

"அத்தே."

அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு விளங்கியது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் தானாகக் கிளம்பி வர மாட்டாள். பிள்ளை பிறந்த ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டார் அதற்குத் துணிமணியோடு வந்து, முறையாகக் கேட்டு அழைத்துப்போக வேண்டும். ஹெலனை அழைக்க அவள் மாமியார் ஒரு மாதம் தாமதித்து வந்ததைக் கிரேஸ் இன்னும் மன்னிக்கவில்லை. வழக்கத்தைப் பாதி மட்டும் சொல்லி நிறுத்தியது இம்மானுவேல்தான். மிச்சப் பாதியை மரிசெல் கிரேஸிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"நீங்க வந்து கூப்பிடலைன்னா நான் வரல" என்றாள். "அப்ப உங்க தெருவுல, அவ ஓடிட்டான்னு யாரும் சொல்லக் கூடாது. நீங்கதான் விட்டுட்டீங்க."

பிறகு கிரேஸ் பக்கம் திரும்பித் தெருவில் கற்ற தமிழில் சொன்னாள். "அத்தே, அஞ்சாம் மாசம். இவுரு மட்டும் வந்தா எங்கம்மா அனுப்பாது. நீங்க வரணும்."

கிரேஸ் மருமகளின் தலையில் கை வைத்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். நாற்காலி உள்ளே போயிற்று. கண்ணாடிக்குள் கொஞ்ச தூரம் தெரிந்து மறைந்தது.

காரில் இம்மானுவேல் அம்மா மேல் எரிந்து விழுந்தான். "இதெல்லாம் ஏம்மா அவகிட்ட சொன்ன?"

"கேட்டா, சொன்னேன்."

அவன் ஜன்னலை இறக்கினான், ஏற்றினான். அவள் வருவாளா, வருவாளா என்று அவளையே பார்த்துக்கொண்டு இவ்வளவு நாள் ஓடிவிட்டது. அது அவள் கையில் இருக்கிறது என்று நினைத்துத்தான் பயந்தான். இப்போது பயம் இன்னும் அதிகமாக இருந்தது, ஏனென்றால் அது அவன் கையில் இருந்தது. காண்டிராக்ட் வேலைக்காரனுக்கு யார் அத்தனை நாள் லீவு தருவார்கள்? திருப்பதியைக்கூடத் தாண்டாத அம்மா மூன்று விமானம் ஏறுவாளா?

திருமழிசை தாண்டும்போது கிரேஸ் தொண்டையைச் செருமினாள்.

"டேய், பாஸ்போர்ட்டுக்கு இஸ்கோல் சர்ட்டிபிகேட் கேப்பாங்களா?"

இம்மானுவேல் அவளைப் பார்த்தான்.

"நான் எட்டாவது பாஸு. டீசி பரண்ல அந்தத் தகரப் பொட்டில எங்கியோ கீது" என்றாள் கிரேஸ். "ஊடு போனதும் ஏறி எடுத்துக் குடு. ஏழெட்டு மாசம்னா இன்னா, கண்ண மூடித் தொறந்தா வந்துடும்."