இன்னும் ஒன்பது நாட்கள்

எங்கள் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் ஏற்கெனவே நாலு வருடம் வேலை பார்த்துக் களைத்தது. அப்பா சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு வெளியூர்களில் ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர். கம்பெனியின் டிசைன் செக்‌ஷனுக்குப் புது மெஷின்கள் வந்தபோது, கழித்துப்போட்ட பழசில் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. நோட்டு அட்டைகளில் எல்லாம் கிளி வரைந்து வைத்திருந்தேன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு என் மகள் பெரிய ஓவியக்காரி என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

கம்ப்யூட்டர் வந்ததே தவிர, வரைவதற்கு அதில் எந்த சாப்ட்வேரைப் போடுவது என்று மூன்று நாள் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. கம்பெனியில் வைத்திருந்ததை விலைக்கு வாங்குவதென்றால் பேசாமல் இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். அப்பா காலண்டர் தாளைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுகிறவர். சாப்ட்வேரைத் தடவ முடியாதென்பதால் வேறு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொன்றிலும் நான் அதே கிளியை வரைய வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

முதலில் மெஷினோடு வந்த பெயிண்ட். கிளியின் வயிறு படிக்கட்டாக வந்தது. அடுத்து, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்த சிடி. அதிலிருந்தது நல்ல சாப்ட்வேர்தான், காசும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் மெஷினால் அதைச் சுமக்க முடியவில்லை. கோடு இழுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்தான் கோடு வரும். மூன்றாவது, டிசைன் செக்‌ஷன் நண்பர் காப்பி போட்டுக் கொடுத்த சிடி. கம்பெனியில் இருந்த அதே பெரிய சாப்ட்வேர். அதை அப்பா உள்ளேயே விடவில்லை. முந்தைய சீசனில் அவருடைய கம்பெனி வரையச் சொல்லி வாங்கிய முருகன் படத்தை யாரோ அப்படியே அடித்து விற்றுவிட்டார்கள் என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்த மனிதர் அவர். அடுத்தவர் பொருள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பு.

நாலாவதைத் தெருமுனை பிரவுசிங் சென்டர் அண்ணன் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார். ஏதோ ஒரு சின்னக் கம்பெனியின் சாப்ட்வேர். முப்பது நாள் இலவசம். பிடித்திருந்தால் அதன்பின் வாங்கிக்கொள்ளலாம். விலையும் எங்களுக்கு எட்டுகிற விலைதான். அதில் பிரஷ்ஷை இழுத்தால் வண்ணம் ஈரமாகப் பரவியது. பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தால் ஓரத்தில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஊறின. அப்பா பழக்கதோஷத்தில் திரையைத் தடவிவிட்டு விரலையும் பார்த்துக்கொண்டார். அடுப்படியிலிருந்த அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப்பின் வெகுநாள் நான் கேட்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளிவந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அப்பா மறுநாளுக்கு மறுநாள் ஆந்திராப் பக்கம் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தினம் ஒரு கிளி வரை தாயி. முப்பது கிளி ஆகுறதுக்குள்ள ஐதராபாத்துல ஒரிஜினல் சிடி வாங்கிட்டு வந்துருவேன்."

அந்த சாப்ட்வேரைத் திறக்கும்போதெல்லாம் முதலில் ஒரு சின்னப் பெட்டி வரும். இன்னும் எத்தனை நாள் மீதி என்று அதில் எண் இருக்கும். மற்றவர்களுக்கு அது சாப்ட்வேர் தீரும் நாள். எனக்கு அது அப்பா வரும் நாள். இருபத்தெட்டு, இருபத்தைந்து, இருபது என்று எண் குறையக் குறைய அப்பா ஒவ்வொரு ஊராகத் தாண்டி வந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொண்டேன். கிளிகளை ஒரே தாளில் வரிசையாக உட்காரவைத்தேன். சாயங்காலம் அம்மா, "எத்தன நாளு காட்டுது?" என்று கேட்பாள். சொல்வேன். அவளும் என்னைப் போலவே சந்தோஷப்பட்டாள்.

இருபது கிளி ஆனபோது எதிர்க்கடைக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. அம்மாதான் போய்ப் பேசினாள். நான் ஓடிப் போவதற்குள் அவள் போனை வைத்துவிட்டிருந்தாள். லைன் கட்டாகிவிட்டது என்றாள். கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அம்மா பட்டாசு பேக்டரிக்குப் போகத் தொடங்கினாள். சும்மா வீட்டில் இருந்தால் பொழுது போகவில்லை என்று காரணம் சொன்னாள். காலையில் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வேனுக்காக நிற்பாள். வேன் வருவதற்குள் பால் வாங்கிவரச் சொல்லி என்னை விரட்டுவாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இரண்டு மணி நேரம் வீட்டில் யாரும் இல்லை. அடுப்படிக் குழாய் சொட்டுவது கூடக் கேட்கும். தெருவில் விளையாடப் போகலாம்தான். ஆனால் தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எனக்குத் தின்பதற்கு ஏதாவது கொடுத்தார்கள். அந்தக் கரிசனம் எனக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிளிகளோடு உட்கார்ந்துவிடுவேன். தனியாக இருப்பது என்றால் என்ன என்பதை நான் அந்த இரண்டு மணி நேரங்களில்தான் படித்தேன்.

அந்த நாட்களில்தான் எண் ஒன்பதில் நின்றுபோனது. இன்றைக்கும் ஒன்பது, நாளைக்கும் ஒன்பது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, சாப்ட்வேருக்கு என் கிளிகளைப் பிடித்துப்போய்விட்டது என்று. பிறகு கிளிகள் முப்பதைத் தாண்டின. அம்மாவிடம் சொன்னேன். "ஒரே நாள்ல ரெண்டு வரைஞ்சிருப்ப" என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். ஆனாலும் சாயங்காலமானால் தவறாமல் கேட்டாள், எத்தனை நாள் காட்டுகிறது என்று. ஒன்பது என்பேன். சரி என்பாள்.

வேறு சில விஷயங்களும் நடந்தன. மவுஸ் வைத்திருந்த மேசைவிரிப்பில் அடிக்கடி வெள்ளி மினுக்கு ஒட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகப் பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டோம். அம்மா திடீரென்று குடையை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். வந்தபோது கையில் குடை இல்லை. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடத்து லேபில் டீச்சர் ஒரு வித்தை காட்டினார். திரையின் மூலையில் மணி ஓடுகிறதே, அதை இரண்டு தரம் தட்டினால் முழு மாதமும் கட்டம் கட்டமாகத் திறந்துகொண்டது. காலண்டர் அடிக்கிற ஊரில் எங்களுக்கு அது பெரிய அதிசயமில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் தட்டிப் பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் ஆகஸ்ட் இருபத்தைந்து என்று இருந்தது. அன்றைக்கு செப்டம்பர் பதினேழு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிழட்டு மெஷின் நாள் கணக்கில் பின்தங்கிவிட்டது. அது ஒன்பதிலேயே நின்றால் அப்பா எப்படி வருவார்? மாதத்தை மாற்றினேன். பதினேழைத் தட்டினேன். சாப்ட்வேரைத் திறந்தேன். இலவச நாட்கள் முடிந்துவிட்டன என்று இங்கிலீஷில் வந்தது. அதற்குமேல் திறக்கவில்லை. உள்ளே நாற்பத்து மூன்று கிளிகள் இருந்தன. பெயிண்டில் திறந்து பார்த்தேன், அதற்கு அந்தக் கிளிகளைத் தெரியவில்லை. எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், துளியும் இல்லை. நாள் முடிந்துவிட்டது. முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

வேன் வந்தது. அம்மா இறங்கி வந்தாள். வழக்கம்போலக் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

அம்மா கையைக் கூடக் கழுவவில்லை. நேரே போய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மவுஸைத் தொட்டு நான் பார்த்தறியாத அம்மா, இங்கிலீஷில் ஓரெழுத்தும் அறியாத அம்மா, மூலையில் ஓடிய மணியின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தி இரண்டு தரம் தட்டினாள். கட்டங்கள் திறந்தன. இருபத்தைந்தைத் தேடித் தட்டினாள். சாப்ட்வேரைத் திறக்கிற பிரஷ் படத்தைத் தட்டினாள். முடிந்துவிட்டது என்றே வந்தது. மறுபடியும் மணி, மறுபடியும் இருபத்தைந்து. மேலே மாதத்தின் பெயர் மாறியிருந்தது. அதை அவளால் படிக்க முடியவில்லை. மூன்றாவது தரமும் இருபத்தைந்தைத் தட்டினாள். சட்டைக் கையில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி விரிப்பில் உதிர்ந்தது.

மாதத்தையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து மவுஸிலிருந்து எடுத்தேன்.

"அத மாத்தாதம்மா. நாள் முடிஞ்சாத்தான அப்பா வருவாக."

அம்மா அழுதாள். எனக்குப் படம் வரைய இல்லாமல் போய்விட்டதே என்று அழுவதாகத்தான் நினைத்தேன். தினமும் காலையில் நான் பால் வாங்கப் போன நேரத்தில் நாளைப் பின்னால் தள்ளிவைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பிரவுசிங் சென்டர் அண்ணன் என்று பிற்பாடு தெரிந்தது. பிள்ளை ஆசையாக வரைகிறாள், தீராமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா தம்பி என்று கேட்டாளாம். அவரும் அதை நம்பியிருந்தார். நானும் வெகு காலம் நம்பியிருந்தேன். ஆந்திராவில் அப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்ததும், இனி அங்கேதான் என்று அன்றைக்கு எதிர்க்கடைப் போனில் அவர் சொல்லிவிட்டதும் எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா நிறுத்தி வைத்திருந்தது சாப்ட்வேரை இல்லை. முப்பதாவது நாளைத்தான்.

அன்றைக்கு நான்தான் அவளைத் தேற்றினேன். "பெயிண்ட் போதும்மா. அது காசும் கேக்காது, நாளும் கேக்காது" என்றேன். படிக்கட்டு வயிற்றோடு ஒரு கிளி வரைந்து காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றாள்.

விளக்கு வைத்தபின் அம்மா தெருக்கதவைத் தாழ்போடப் போனாள். வேண்டாம் என்று நான் தடுத்தேன். அப்பா வந்தால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதல்லவா. அம்மா சரி என்று கதவை வெறுமனே சாத்திவைத்தாள்.