வேலைக்கு வந்தவர் வேண்டாம் என்று சொன்ன வேலை

பள்ளி வேன் எந்தத் தெருவில் வந்துகொண்டிருக்கிறது என்று பெற்றோர் போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு செயலி. நானும் தம்பியும் ராஜபாளையத்தில் தொடங்கிய சிறு நிறுவனம் அதை நம்பித்தான் ஓடியது. பள்ளிகளோடு பேசுவது என் வேலை. செயலியை எழுதுவது அவன் வேலை. டயர் கடை மாடியில் ஓர் அறை. அதன் மூலையில் இருந்த கம்ப்யூட்டரில்தான் வேன்களின் தகவல் எல்லாம் வந்து சேரும். அதை சர்வர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

கரண்ட் போனால் அது நின்றுவிடும். இன்டர்நெட் அறுந்தாலும் நின்றுவிடும். சில நாள் காரணமே தெரியாது. ஒரு காலையில் வன்னியம்பட்டியிலிருந்து ஒரு தாய் கூப்பிட்டார்.

"ஏம்மா, வேன் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிதுன்னு காட்டுதே. எம்பிள்ள எங்க?"

வேன் அதற்குள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நின்றது எங்கள் சர்வர்தான். ஆனாலும் அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

தம்பி துரும்பாக இளைத்துப்போனான். சித்தப்பா மகள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அவன் மண்டபத்து மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒரு பேக்கெண்ட் இன்ஜினியரை வேலைக்கு வைப்பது என்று அப்போதுதான் முடிவு செய்தோம்.

விளம்பரம் கொடுத்தோம். சென்னையிலிருந்து பேசிய ஒருவர், ராஜபாளையம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் போனை எடுக்கவில்லை. இன்னொருவர் வந்து சேர்ந்தார்; பெங்களூரு நிறுவனம் ஒன்று கூப்பிட்டதும் வருத்தம் சொல்லிவிட்டுப் போனார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தார். பெங்களூரில் பல வருடம் இதே வேலை பார்த்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கணவரின் ஊருக்கு வந்திருந்தார். மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவர் பேச்சில் நன்றாகவே தெரிந்தது.

தம்பி கேள்விகளைத் தயாராக வைத்திருந்தான். அவரோ திருப்பிக் கேட்கத் தொடங்கினார். எத்தனை வேன், எத்தனை பெற்றோர், காலையில் எப்படி, மத்தியானம் எப்படி? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூலையிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அக்கா, இதுக்கு எதுக்கு ஒரு ஆளு? தகவல வச்சிக்கிடுறது, லாகின், மெசேஜ் அனுப்புறது எல்லாத்தையும் ரெடியா வச்சிக்கிட்டு வாடகைக்கு விடுற கம்பெனி இருக்கு. மெஷின அவிய பாத்துக்கிடுவாவ. நீங்க வேனப் பாருங்க."

"அப்ப ஒங்களுக்கு வேலை?" என்று தம்பி கேட்டுவிட்டான்.

அவர் சிரித்தார். "அது எனக்கும் தெரியுது தம்பி. நான் சேந்தேன்னா மொத வேலையா இத மாத்தத்தான் சொல்வேன். மாத்துனா பொறவு எனக்கு இங்க என்ன வேலை?"

எப்படி மாற்ற வேண்டும் என்பதையும், எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் போர்டில் எழுதிக் காட்டினார். காபி குடித்தார். "வாரேன்க்கா" என்று கிளம்பிவிட்டார்.

தம்பி அவர் சொன்னபடியே மாற்றினான். அது முடிந்த சில வாரங்களில் அடைமழை பிடித்தது. ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போகும் வேன்களெல்லாம் சுற்றுவழியில் திரும்பின. பெற்றோர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறந்திருப்பார்கள். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எந்த வேன் எங்கே திரும்புகிறது என்பது எல்லார் கையிலும் தெரிந்தது. தம்பி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"சர்வர் வேலைன்னா மறுபடியும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்க்கா."

"சர்வர் இல்லம்மா. எது வேணும், எது வேண்டாம்னு எங்களுக்குச் சொல்ல ஒரு ஆளு வேணும்."

வேலை நேரம் என்ன என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சாயந்திரம் புள்ளைய நாந்தான் பாக்கணும். அதுக்குச் சம்மதம்னா வாரேன்" என்றார்.

சேர்ந்ததும் அவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஒரு வேனில் ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். டிரைவர் போனில் இருக்கும் செயலியில் 'கிளம்பியாச்சு' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தோம். பிள்ளைகளை ஏற்றி உட்காரவைக்கும் அவசரத்தில் டிரைவர்கள் அதை அமுக்க மறந்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி நகர்ந்தாலே செயலிக்குத் தெரிந்துவிடும்படி தம்பியோடு உட்கார்ந்து மாற்றினார். அதற்குப் பிறகு புதிய பள்ளிகள் தாமாகவே எங்கள் செயலியைக் கேட்டுக் கூப்பிடத் தொடங்கின.

இன்று எங்களிடம் வேலை கேட்டு வருபவர்களிடம் அவர்தான் பேசுகிறார். போன மாதம் செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணை அவரே தேர்ந்தெடுத்தார்.

அன்று அவர் வாயை மூடிக்கொண்டு வேலையில் சேர்ந்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. நாங்களும் சந்தோஷமாகத்தான் சம்பளம் கொடுத்திருப்போம். முன்பின் தெரியாத எங்களுக்கு நல்லதையே சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிப் போனாரே, அதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைந்துவிடுகிறது.

அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்ததும் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.