நாற்பதாம் வரியில் ஒரு பிழை

மொன்றியலுக்கு அகதியாக வந்த முதல் குளிர்காலத்திலேயே, கணினிப் பிரியர்கள் மாதம் ஒருமுறை கூடும் சங்கமொன்றுக்குப் புறப்பட்டேன். கொழும்பிலும் அப்படியொரு சங்கத்துக்குத் தவறாமல் போனவன் நான். அறையில் கூட இருந்த அண்ணை சிரித்தார்.

"அங்க எல்லாரும் பிரெஞ்சுதான் கதைப்பினம். உமக்கு என்ன விளங்கும்?"

"புரோகிராம் விளங்கும், அண்ணை."

செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். ஓர் ஆசிரியை, பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கும் புரோகிராம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அது முதல் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டது. எல்லாரும் திரையைச் சூழ்ந்து பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, ஆனால் பிழை தெரிந்தது. புரோகிராமின் நாற்பதாம் வரி, அடுத்த கேள்வியை எடுக்கும் இருபதாம் வரிக்குப் போகாமல், தொடக்கமான பத்தாம் வரிக்கே போய்க்கொண்டிருந்தது. நல்லகாலம், பிரெஞ்சு வகுப்பில் ஐம்பது வரை எண்ணப் பழகியிருந்தேன்.

நாற்பதாம் வரியைத் தொட்டு "கராந்த்" என்றேன். அதிலிருந்த பத்தைக் காட்டி, இல்லையென்று தலையாட்டி, இருபது என்பதற்கு "வான்" என்றேன். ஆசிரியை மாற்றித் தட்டினார். இரண்டாவது கேள்வி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த மாதம், வருபவர்களின் பிழைகளைத் திருத்திக் கொடுக்கும் உதவி மேசையில் இருக்க முடியுமா என்று சங்கத் தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணை யோசித்தார்.

"கோப்பி தந்தவையோ?"

"ஓம். பிஸ்கட்டும்."

"அப்ப நானும் வாறன்."