முகாமில் திரும்பிய சொற்கள்

ராமநாதபுரத்தில் நான் நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிமடத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிப்பதும் நான்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் இளைஞர் குழுவோடு மண்டபம் இலங்கை அகதிகள் முகாமுக்குப் போய், வயதானவர்களுக்கு பிரஷரும் சுகரும் பார்ப்போம். "காலேஜு, கோயிலு, கேம்ப்பு... ஒனக்கு எத்தனை காலுடி இருக்கு?" என்று அம்மா திட்டிக்கொண்டேதான் டிபன் பாக்ஸைக் கையில் கொடுப்பாள்.

முகாமில் ஒரு வீட்டில் பக்கவாதம் வந்த பெயிண்டர் ஒருவர் இருந்தார். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "அது... அது..." என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. கேட்டது கிடைக்காவிட்டால் டம்ளரை எறிவார். "எல்லாம் விளங்குது பிள்ளை. கதைக்கத்தான் ஏலாது," என்று அவர் மனைவி, எறிந்த டம்ளரைப் பொறுக்கியபடி சொல்வார்.

ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். முகாமுக்குள் இருந்த பிள்ளையார் கோயில் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று அவர் அதோடு சேர்ந்து பாடினார். முனகல் இல்லை, வரி வரியாக, சொல் சுத்தமாக. அடுப்படியிலிருந்து மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தார். பாட்டு முடிந்தது. அவர் எங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அது... அது..." அவ்வளவுதான். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் காலேஜில் எங்கள் மேடத்திடம் கேட்டேன். மூளையில் பேச்சுக்கான பகுதி அடிபட்ட பிறகும் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும், ராகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லை மீட்கப் பயிற்சி உண்டு என்றார். "நீயா எதுவும் பண்ணாத. பேச்சுப் பயிற்சி தர்றவங்ககிட்ட காட்டச் சொல்லு."

அவர் மனைவி அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே, இடது கையால் தொடையில் தட்டியபடி சின்னச் சின்ன வாக்கியங்களைப் பாடிப் பழக வேண்டும், வீட்டிலும் விடாமல் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காலேஜ் விட்டு வரும் வழியில் நான் மண்டபத்தில் இறங்க ஆரம்பித்தேன். "தண்ணி தா", "வலிக்குது", "போதும்." எல்லாவற்றையும் அவருக்குப் பழகிய பிள்ளையார் பாட்டு மெட்டிலேயே பாடினோம்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு நான் போகவில்லை. அடுத்த பயிற்சிக்கும் போக முடியவில்லை. இன்டர்னலில் மார்க் குறைந்தது. எதை விடுவது என்று தெரியாமல் கோயிலில் வெறுமனே உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் உண்டு. எங்கள் பாடகர் குழுவை நடத்தும் அண்ணன் ஒருநாள் நேரே கேட்டுவிட்டார்: "கீபோர்டு இல்லாம எப்படிம்மா பாடுறது? அப்படி எங்கதான் போற?"

சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு அனுமதி வாங்கிக்கொண்டு அவரும் முகாமுக்கு வந்தார். வண்டியில் கீபோர்டைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையார் படத்துக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து, "எந்த ராகம்? நீங்க பாடுங்கண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். பெயிண்டர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். அதன்பின் நாங்கள் இருவரும் மாறி மாறிப் போனோம். எனக்குப் படிக்கவும் நேரம் கிடைத்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கும் வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பாக.

பொங்கல் கழிந்து ஒருநாள் உச்சி வெயிலில் போய் நின்றேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். தொடையில் தட்டவில்லை, ராகமும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"சாப்... சாப்பிட்டியோ... பிள்ளை?"

உள்ளே மனைவி பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றது. நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். இல்லை என்று தலையாட்டினேன். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சோறும் தேங்காய்ப்பால் சொதியும் போட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

இப்போது நான் கடைசி வருடம். படிப்பு முடிந்ததும் பக்கவாத நோயாளிகள் வார்டில்தான் வேலை கேட்கப் போகிறேன். ராத்திரி ஜெபத்தில் முன்பெல்லாம் எனக்கு வேண்டியதைத்தான் வரிசையாகக் கேட்பேன். இப்போது நன்றி சொல்லி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.