நம்பாதவர்களுக்கான பாதி

1. சேற்றுக்கு வாடகை

ராயபுரத்தில் மீன் வைக்கும் கோல்டு ஸ்டோரேஜ் ஒன்றில் நான் பிளாண்ட் ஆபரேட்டர். அமோனியா கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்வதும், ஒவ்வொரு அறைக்கும் சொன்ன குளிரை அப்படியே வைத்திருப்பதும் என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆட்களிடம் அதிகம் பேச வராது. மெஷினிடம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் துறைமுகத்திலிருந்து வந்த லாரியில் ஆள் உயரப் பிளாஸ்டிக் குழாய்கள் இறங்கின. உள்ளே சேறு. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஆழ்கடலின் அடியில் குத்தி எடுத்துவந்தது. கூட வந்தவர் டாக்டர் பிலோமினா. ராயபுரத்துப் பெண்தான். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மேடம் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தில் குளிர் அறை கட்டி முடியவில்லை என்பதால் உறையவிடாமல் குளிர மட்டும் வைக்கும் எங்கள் சில் ரூமில் இடம் கேட்டிருந்தார்.

"நாலு டிகிரி, செல்வம். உறையவும் கூடாது, காயவும் கூடாது. உறைஞ்சா அடுக்கு கலைஞ்சிடும். காஞ்சா வெடிச்சிடும். ரெண்டுல எது நடந்தாலும் என் இத்தனை வருஷ வேலை போச்சு."

முதலாளி அண்ணாச்சி தெற்கேயிருந்து வந்து இங்கே தொழிலை வளர்த்தவர். மேடம் போனதும் என்னை அழைத்தார்.

"சேத்துக்கு ஒருத்தி வாடகை கொடுக்கான்னா உள்ள என்னமோ இருக்குல. ஒரு கண்ணு வச்சிக்க."

எனக்கும் சந்தேகம்தான். கப்பல், குழாய், துறைமுகம் என்றதும் தங்கம் என்றுதான் புத்தி போனது. யாரும் இல்லாத நேரத்தில் ஒரு குழாயைத் தட்டிப் பார்த்தேன். நிறைந்த குடத்தைத் தட்டியது போல மந்தமான சத்தம்தான் வந்தது.

மறுவாரம் மேடம் வந்து குழாய்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தட்டிப் பாத்தீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"லேபிள் திரும்பிக்கீது, அதான் கேட்டேன். தப்பில்ல. நானா இருந்தா மோந்துகூடப் பாத்திருப்பேன்."

அன்றுதான் அவர் தன் வேலையைச் சொன்னார். பெரிய நட்சத்திரங்கள் கடைசியில் வெடித்துச் சிதறும். அந்த மிச்சத்தை ஆராய்வதுதான் படித்து முடித்த நாளிலிருந்து அவர் தொழில். பல வருடம் தொலைநோக்கிப் படங்களை வைத்துப் பார்த்தார். பிறகு, நமக்குக் கிட்டத்தில் வெடித்ததன் தூள் பூமியிலும் விழுந்திருக்க வேண்டுமே என்று கடலடிச் சேற்றுக்கு வந்துவிட்டார். அதில் ஒரு வகை இரும்பு இருக்கிறதாம். தானாகவே குறைந்து தீர்ந்துபோகும் வகை. பூமி பிறந்தபோது இருந்ததெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது கொஞ்சம் கிடைத்தாலும் அது பிறகு வானத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

2. கேட்டில் வந்து நின்றவர்கள்

அதன் பிறகு மேடம் எண்ணூருக்குப் போய், ஃபைபர் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கழிமுகத்துச் சேற்றையும் சின்னக் குழாய்களில் எடுத்துவந்தார். வினை அங்கே ஆரம்பித்தது. படகுக்காரர் தேசப்பன், அந்தக் குப்பத்து மீனவர் சங்கத்தின் தலைவர். கழிமுகத்தில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு யார் பொறுப்பு என்று அவர்கள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து காந்தத்தை வைத்துச் சேற்றைத் துழாவுகிறாள், வானத்திலிருந்து தூள் விழுந்தது என்கிறாள். எதிர்த்தரப்பு ஆள் என்று சந்தேகப்பட இது போதாதா?

ஒரு காலையில் தேசப்பன் பத்துப் பதினைந்து பேரோடு எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்.

"நைனா, கதவத் தெற. அந்தம்மா சேத்த வெளிய தூக்கிப் போடு."

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கத்துப் படகுகளின் மீன்தான் எங்கள் பெரிய வரும்படி.

"அவனுவகிட்ட வம்பு வச்சிக்காத. எடுத்து வெளிய வையி."

வெளியே வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. சேற்றை வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேடத்துக்குப் போன் செய்துவிட்டு, சாவியைத் தேடுவது போல நின்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"இன்னா தேசப்பண்ணா, கூட்டத்தோட வந்துக்கீற?"

"சாம்பலு வானத்துலேந்து வுழுந்துச்சுன்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கப் போறியாமே?"

"நான் தேடுற தூளு வுழுந்து இருபது லட்சம் வருசத்துக்கு மேல ஆச்சு. உன் சாம்பலு போன வாரம் வுழுந்தது. ரெண்டும் ஒண்ணா?"

"சரி. அத எழுதிக் குடு."

"குடுக்க மாட்டேன். நான் சாம்பல் படிச்சவ இல்ல. எதிர் வக்கீலு மொத கேள்வியிலயே கிழிச்சிடுவாரு. உன் கேசுதான் பூடும்."

தேசப்பன் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "பாத்தியா, எப்டி நழுவுது."

"அப்போ எங்க சேறு உனக்கு இன்னாத்துக்கு?" என்றார் பின்னாலிருந்த ஒருவர். "எங்கூட்டுப் பின்னால நெறைய கீது. அதுக்கும் ஏசி போடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"உங்க சாம்பல்லயும் இரும்பு கீது. இந்தக் காத்துல அது எங்க வோணா ஒட்டும். என் குழாயில கலந்துட்டா என் கணக்கு தப்பாப் பூடும். அது எப்டி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் ஒதுக்க முடியும்."

"நல்லாப் பேசுற. எடுத்துக்கினு போய் வேற சேறு மாத்தி வச்சிட்டா?" என்றார் தேசப்பன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "செல்வம், கதவத் தெறங்க" என்றார்.

நான் சாவியை எடுத்தேன். தேசப்பன் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

உள்ளே, மீன் வெட்டும் மேஜையில் மேடம் ஒரு ஆழ்கடல் குழாயை வைத்துப் பிரித்தார். அது ஏற்கெனவே நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது. ஒரு பாதியில் வரிசையாகக் குழிகள். இன்னொரு பாதியில் ஒரு கீறல்கூட இல்லை.

"இது நான் தோண்டின பாதி. அது தொடாத பாதி. அத நானே தொடக் கூடாது."

"பின்ன யாருக்கு?" என்றார் கூடவே உள்ளே வந்த தேசப்பன்.

"என்ன நம்பாதவங்களுக்கு. எங்க தொழில்ல எத எடுத்தாலும் பாதி அவங்களுக்கு."

"உன்ன யாரு நம்பல?"

"யாருமே நம்ப மாட்டாங்க. நம்பாம இருக்கறதுதான் அவங்க வேலையே."

தேசப்பன் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். அடுக்கடுக்காக நிறம் மாறிக்கொண்டே போன அந்தச் சேற்றின் மீது கையை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார்.

"அப்போ எங்க சேத்துல பாதி எங்களுக்கு."

"எடுத்துக்கோ. ஆனா இங்கயே இருக்கணும். வெளிய போனா காஞ்சி, ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"எங்க பூட்டு போடுவோம்."

"போடு."

எல்லோர் கண் முன்னாலும் மேடம் கழிமுகத்துக் குழாய்களின் பிளாஸ்டிக்கை அறுத்து, மெல்லிய கம்பியால் சேற்றைப் பிளந்தார். அவர்கள் பாதிகளை ஈரத் துணியில் சுற்றி ஒரு இரும்புப் பெட்டியில் வைத்தோம். தேசப்பன் பூட்டினார். பிறகு என்னைக் காட்டி, "இவன் குளுர நிறுத்திட்டான்னா?" என்றார். சங்கத்திலிருந்து வாரம் ஒருவர் வந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பது என்று முடிவானது. எனக்கு அதில் வருத்தமில்லை. நானும் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணாச்சிக்குச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பெட்டிக்கு வாடகை யாரு கொடுப்பா?"

3. பாதியிலும் பாதி

வழக்கு இன்னும் நடக்கிறது. சங்கத்தின் வக்கீல் அழைத்துவந்த நிபுணர் ஒருவர் அந்தப் பெட்டியைத் திறக்க வைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துப் போனார். அவர் என்ன கண்டார் என்று மேடம் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

மேடத்தின் சேற்றில் அந்த இரும்பு கிடைத்தது. எடுத்ததெல்லாம் சேர்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு என்றார். கட்டுரையாக எழுதி அனுப்பியதும், வெளிநாட்டில் இதே வேலை செய்யும் ஒரு குழு நம்ப முடியாது என்றது. தொடாத பாதிகளைக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. பெட்டி கட்டச் சொன்னார்.

அன்று தெர்மாமீட்டர் பார்க்க வந்திருந்தவர் தேசப்பன்தான்.

"அல்லாத்தையும் அனுப்பிடப் போறியா?"

"ஆமாண்ணா. கேக்கறாங்களே."

"இன்னா மேடம், படிச்சிக்கீற. அவனுங்க மாத்தி வச்சிட்டு உன்னியே பொய்க்காரின்னு சொன்னா இன்னா பண்ணுவ? அதுலயும் பாதி வெட்டு. இங்க கெடக்கட்டும்."

மேடம் ஒரு தொடாத பாதியை மேஜைக்கு எடுத்துவந்தார். பிறகு என்னிடம் சேறு பிளக்கும் கம்பியைக் கேட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களைச் சந்தேகப்படுகிறவரிடம் சத்தியம் செய்துகொண்டிருக்காதீர்கள். அவர் பூட்டு மாட்ட ஓர் இடம் கொடுங்கள். எங்கள் சில் ரூமில் இப்போது மூன்று பூட்டுகள் தொங்குகின்றன. கழிமுகத்துப் பெட்டியில் தேசப்பனுடையது ஒன்று. அனுப்பாமல் வெட்டி வைத்தது இருக்கும் புதுப் பெட்டியில் மேடத்துடையது ஒன்று, தான் மட்டும் தனியாகத் திறக்கக் கூடாதென்று அவர் கேட்டுக்கொண்டபடி தேசப்பனுடையது ஒன்று. எதன் சாவியும் என்னிடம் இல்லை. குளிர் மட்டும் என் பொறுப்பு.