இண்டாலியச் சட்டியும் எலி மூளையும்

கிண்டியில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் ஒருத்தி வீட்டில் இருந்தால், அந்தச் சமையலறைக்கு வேறு எதிரி தேவையில்லை. செமினாருக்கு அலுமினியமும் மூளையும் என்ற தலைப்பை எடுத்திருந்தேன். அதே மாதம், மயிலாப்பூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற என் அம்மா, கதவிலேயே சாவியை விட்டுவிட்டு சர்ச்சுக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயருக்குத் தடுமாறினாள். இரண்டையும் நான் உடனே முடிச்சுப் போட்டேன்.

குற்றவாளி உடனே கிடைத்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஊரூர் குப்பத்தில் வாங்கும் வஞ்சிரம், எங்கள் வீட்டில் அலுமினியக் கலவையான இண்டாலியச் சட்டியில்தான் கொதிக்கும். அதோடு விடுவோமா? மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது எங்கள் வீட்டு வேதம். இரவெல்லாம் புளி அலுமினியத்தைச் சுரண்டும். திங்கட்கிழமை நாங்கள் தட்டை வழித்து நக்குவோம்.

செவ்வாயன்று சட்டியை ஒளித்தேன். அம்மா அதைக் கேட்கவே இல்லை. அதையும் மறதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிறன்று, மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். அலுமினியம் அதிகம் கொடுத்த எலிகளின் மூளையில் மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. மெத்தில் என்ற சின்ன வேதிப்பூட்டுகள் அதன்மேல் இடம்மாறி உட்காருகின்றன, டி.என்.ஏ. எந்தப் புரதங்களைச் சுற்றியிருக்கிறதோ அவற்றின் பிடி இறுகுகிறது, ஞாபகத்துக்கு வேண்டிய மரபணுக்கள் வாயடைத்துப் போகின்றன என்றேன்.

"பாடம் புத்தகத்துல இருக்கு, வாத்தியார்தான் நடத்த மாட்டேங்கறாரு. அவ்வளவுதானே?" என்றாள் அம்மா.

என் இருபது ஸ்லைடும் அவ்வளவுதான். மனுஷங்களுக்கும் இது உறுதியாகிவிட்டதா என்று அடுத்த கேள்வி. இன்னும் இல்லை என்று முணுமுணுத்தேன். சட்டியைக் கைது செய்யுமுன் யோசித்திருக்கலாம்.

எவர்சில்வரில் வைத்த குழம்பு அடிப்பிடித்தது. ஒரு வாய் சாப்பிட்ட அப்பா, தான் எலியாகவே இருந்துவிடுவதாக அறிவித்தார். சரி, சட்டியைத் திருப்பித் தரலாம் என்று எழுந்தேன். பரணில் இல்லை. கட்டிலடியில் இல்லை. எங்கே ஒளித்தேன் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை.

"வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி பாருடி," என்றாள் அம்மா. "துணிப்பைல சுத்தி வெச்சிருக்க. மறுநாளே பாத்துட்டேன். இந்த விஞ்ஞானி எதுவரைக்கும் போவாளோன்னு பாத்தேன்."

இப்போதும் இண்டாலியத்தில்தான் குழம்பு கொதிக்கிறது. இறக்கியதும் அம்மா கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுகிறாள். மாற்ற மறக்கிறாளா என்று ஒவ்வொரு ஞாயிறும் எட்டிப் பார்க்கிறேன். இதுவரை மறக்கவில்லை.

சாவியைத்தான் போன வாரமும் கதவிலேயே விட்டுப் போனாள். எடுத்து ஆணியில் மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.